எல்லைக் கொல்லையில் விளைந்தது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் வருஷம் கார்த்திகை மாதத்தில் இக்னேஷியஸ் தன் கொல்லையில் பிடுங்கிய முதல் மரவள்ளிக்கிழங்குக்கு மடிநோய் வந்திருந்தது. கிழங்கு கன்றிச் சிவந்து, தொட்டால் சுட்டது. நுனியைப் பிதுக்கியபோது திரிந்த பால் கட்டி கட்டியாக வந்தது, நடுவே ரத்த இழை ஓடியது. அடுத்த தூரில் இருந்தவற்றுக்குக் கோமாரி. தோலெல்லாம் கொப்புளம் வெடித்து, பிடுங்கிப் போட்ட இடத்தில் நூல்நூலாக எச்சில் வடித்துக்கொண்டு கிடந்தன. அதற்கடுத்த தூரை அவன் மனைவி சகாயமேரி பார்க்கவில்லை. அவள் கிணற்றடிக்கு ஓடிப்போய், காலையில் தின்ற ரொட்டியைக் கக்கிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் குமணன்சாவடியில் நல்ல கிழங்கு என்ன விலைக்குப் போனது என்பதை இன்னும் ஞாபகமாகச் சொல்லுகிறவர்கள் உண்டு. இக்னேஷியஸின் கிழங்குக்கு என்ன நோய் என்பதையும் அவர்கள் அதே குரலில்தான் சொல்லுவார்கள்.

இந்தச் சகாயமேரி அசுத்தம் பொறுக்காதவள். ஆவடியில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்த நாட்களில் பொதுக் குழாயடியில் குடத்தைப் புளி போட்டு ஒரு முறை, சாம்பல் போட்டு ஒரு முறை தேய்ப்பாள். அவள் முறை வந்ததும் வரிசையில் நிற்கிற பெண்கள் பெருமூச்சு விட்டுக் கீழே உட்கார்ந்துவிடுவார்கள். பிறத்தியார் கை படாத தண்ணீர் வேண்டும், எனக்கென்று ஒரு கிணறு வேண்டும் என்று அவள் நச்சரித்ததால்தான், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த இக்னேஷியஸ், செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே கிணற்றோடு மலிவாகக் கிடைத்த ஒரு கொல்லையை வாங்கி அதிலேயே வீடும் கட்டினான். தாய்வீட்டுச் சீராக வந்த செவலைப் பசுவையும் அவள் கூட ஓட்டிவந்தாள். உலகத்தில் சுத்தமானது என்று சகாயமேரி ஒப்புக்கொண்ட ஒரே ஜீவன் அந்தச் செவலைதான். கறப்பதற்கு முன்னும் பின்னும் வெந்நீரில் மடியைக் கழுவுவாள், அதன் காதுக்குள் விரலை விட்டு உண்ணி தேடுவாள். வேலை முடிந்த பிறகு அதன் கழுத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள். புருஷன் தோளில் அவள் அப்படிச் சாய்ந்ததில்லை, அவன் கையில் எப்போதும் கிரீஸ் இருக்கும்.

கொல்லை மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. மேலண்டை ஊருக்கும் கீழண்டை ஊருக்கும் நடுவில் ஆப்பு மாதிரி செருகிக் கிடந்த நிலம் அது. ஆட்டுக்கோ மாட்டுக்கோ நோய் கண்டால், அதன் வாய் கழுவிய தண்ணீர், கழிச்சல் பட்ட வைக்கோல், பழைய மூக்கணாங்கயிறு எல்லாவற்றையும் ஒரு ஓட்டைச் சட்டியில் போட்டு, வேப்பிலை செருகி, எல்லையில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்பது இரண்டு ஊரிலும் வழக்கம். மேலண்டை ஊர் தன் நோயைக் கீழண்டை ஊருக்குத் தள்ளிவிட்டதாகத் தலைமுறை தலைமுறையாக நம்பிக்கொண்டிருந்தது. கீழண்டை ஊரும் அதையேதான் நம்பியது. நோய்கள் மட்டும் எந்த ஊருக்கும் போகாமல் நடுவிலேயே கிடந்தன. சட்டி இறக்க முறை சொல்லுகிற வேம்புலி என்ற பெரியவர், இக்னேஷியஸ் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு வரப்போரம் வந்து நின்றார்.

“நைனா, இது நோவு எறக்கி வெக்கிற எடம். கெயங்கு வெக்கிற எடம் இல்ல.”

“அது உங்க சாமி சமாச்சாரம் பெரியவரே. நாங்க ஞானஸ்நானம் வாங்குனவங்க. எங்களுக்கு ஒட்டாது.”

“ஒட்டுறது ஒட்டாதது மண்ணுக்கு இன்னா தெரியும்? எதுக்கும் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். எறக்கி வெச்சவன் திரும்பிப் பாத்தான்னு வெய்யி, அது அவன் பின்னாலயே ஊட்டுக்கு வந்துடும். அதுவரிக்கும் இங்கதான் கெடக்கும்.”

இக்னேஷியஸ் சிரித்தான். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். தை மாதம் வனத்து அந்தோணியார் திருநாளுக்குக் கோயிலில் மாடுகளை நிறுத்தி மந்திரிப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். அவன் செவலையை மந்திரித்த கையோடு சாமியாரைக் கொல்லைக்கே அழைத்துவந்து நாலு மூலையிலும் தீர்த்தம் தெளிக்க வைத்தான். வனத்து அந்தோணியார் மிருகங்களுக்குக் காவல், மிருகங்களுக்கு உரியது எல்லாவற்றுக்கும் காவல். நோயும் மிருகங்களுக்கு உரியதுதானே. அவர் வஞ்சனை இல்லாமல் அதையும் காப்பாற்றினார். ஆத்தூர் லாரிக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்து வாங்கிய குச்சிகளைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, கணு மேலே பார்க்க, மண் அணைத்த பாரில் நட்டு, கிளைத்ததில் இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளி, கிணற்றுத் தண்ணீர் இறைத்து அவன் வளர்த்தான். மரவள்ளிக்கு வருகிற தேமல் ஒரு இலையில்கூட இல்லை. செடி ஆள் உயரம் தாண்டி நின்றது. கிழங்கு எப்படி இருந்தது என்பதைத்தான் முதலிலேயே சொல்லியாகிவிட்டது.

தோற்றுப்போனதை ஒத்துக்கொள்கிற பழக்கம் இக்னேஷியஸுக்கு இல்லை. மடிநோய்க் கிழங்கைத் தோல் சீவி, உப்புப் போட்டு வேகவைத்து, அவள் எதிரிலேயே உட்கார்ந்து தின்றான். “வேக வெச்சா எல்லாம் பூடும்மே, இந்தா ஒரு துண்டு” என்று நீட்டினான். அவன் கடைவாயில் வெள்ளையாக ஒன்று வழிந்ததைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவனுடைய தட்டு வேறு, டம்ளர் வேறு. அவன் தட்டை ஒரு குச்சியால் தள்ளித்தான் வைப்பாள். தின்றது போக மிச்சத்தை அவன் பூந்தமல்லியில் சிப்ஸ் போடுகிற ஒருவனுக்கு மூட்டை மூட்டையாகக் கொடுத்தான். அந்த சிப்ஸைத் தின்றுகொண்டே திருநின்றவூருக்கு மின்சார ரயிலில் போன ஆபீஸ்காரர்கள் சிலர், பொட்டலம் காலியான பிறகும் வெகுநேரம் அசை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

இதற்குள் இரண்டு ஊருக்கும் ஒரு விஷயம் விளங்கிவிட்டது. முன்பெல்லாம் சட்டி இறக்கினால் பாதி மாடு பிழைக்கும், பாதி சாகும். இப்போது மரவள்ளி வேர் நோயை உடனே உறிஞ்சிக்கொண்டது. சட்டியை வைத்துவிட்டு வீடு போய்ச் சேருவதற்குள் மாடு எழுந்து தீவனம் தின்றது. சும்மா விடுவார்களா? கோழிக்கு வெள்ளைக்கழிச்சல், ஆட்டுக்குக் குடற்புழு, எருமைக்குத் தொண்டை அடைப்பான், எல்லாம் சகாயமேரியின் கொல்லைக்கு வந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. பூந்தமல்லியிலிருந்து மாட்டு டாக்டர் மழைக்கு முன்னால் ஐஸ் பெட்டியில் தடுப்பூசி எடுத்துக்கொண்டு வருவார். “எதுக்கு சார் ஊசி, அதான் மேரி ஊட்டுக் கொல்லை கீதே” என்று ஜனங்கள் அவரை மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். தொழுவத்தைக் கூட்டுவதை விட்டார்கள். சாணி முழங்கால் வரை ஏறினாலும், மடியில் புழுத் தெரிந்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. ஒரு சட்டிதானே.

சகாயமேரிக்குச் சீழைவிட, புழுவைவிட, அந்த முதுகுகள்தான் குமட்டின. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது முறை. அந்த முறையைச் சாக்காக வைத்து, வரும்போதும் அவளைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். மாரியம்மன் கூழுக்கும் கிறிஸ்துமஸ் கேக்குக்கும் மாறி மாறி வீட்டுக்கு வந்துபோன அதே ஆட்கள் அவள் கோலம் போட்ட வாசலிலேயே சட்டியைத் தட்டென்று வைத்தார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு போனார்கள். எருமைக்காரன் கோவிந்தன் மட்டும் ஒரு வாரத்தில் பல தடவை வருவான். அவன் எருமைகளுக்கு நோய் வந்ததா, நோய்க்காகத்தான் அவன் எருமை வைத்திருந்தானா என்று சொல்ல முடியாது. அவள் சோப்பைக் கரைத்துக் கரைத்து வாசலைக் கழுவினாள். கையில் தோல் உரிந்தது. “எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடு” என்று புருஷனிடம் கெஞ்சினாள். இவ்வளவு விளைச்சல் இந்தத் தாலுகாவில் எவனுக்கும் இல்லை என்று அவன் சொன்னான். அது உண்மையும்கூட.

வருஷங்கள் இப்படியே ஓடின. தொண்ணூற்று மூன்றில் சகாயமேரி திருநின்றவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். மரவள்ளி இலையோ தோலோ பச்சையாகப் போட்டால் மாட்டுக்கு விஷம் என்று தெரிந்தவள் அவள். எங்கிருந்தாவது நல்ல தோல் வந்தால்கூட நன்றாக வெயிலில் காயவைத்துத்தான் போடுவாள், தங்கள் கொல்லைத் தோலைச் செவலையின் கண்ணிலும் காட்டமாட்டாள். அன்று போரிலிருந்து வைக்கோல் பிடுங்கச் சோம்பல்பட்டு, இக்னேஷியஸ் சீவிப்போட்ட தோலைக் கூடையோடு செவலையின் முன்னால் கொட்டினான். அவள் திரும்பி வந்தபோது பசுவின் இடப்பக்கம் பறை மாதிரி உப்பியிருந்தது. மறுநாள் காலை அது தரையிலிருந்து ஒரு முழம் எழும்பி நின்றது. அந்த வாரக் கடைசியில் வைக்கோல் போருக்கு மேலே, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, கிணற்றுத் தூணில் கட்டிய கயிற்றின் முனையில் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மாட்டு டாக்டர் ஏணி வைத்து ஏறி, மூங்கில் குழாயால் எண்ணெய் புகட்டினார். விலாவில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“உள்ள காத்து மட்டும் இல்லம்மா” என்றார் இறங்கிவந்து. “ரெண்டு ஊர் நோயும் இருக்கு. கயிறை நல்லாப் பாத்துக்குங்க. மழைக்காலத்துக்குள்ள இறங்கலைன்னா, ஒரு புயல் போதும்.”

அன்றிலிருந்து சகாயமேரி ஏணியில் நின்றுதான் பால் கறந்தாள், கறந்ததைக் கீழே கொட்டினாள். தேங்காய் நார்க் கயிறு, அது நைந்ததும் நைலான் கயிறு, பிறகு லாரிக்குக் கட்டுகிற தாம்புக் கயிறு. செவலை மேலிருந்து அவளைப் பார்த்து மெல்லக் கத்தும். இக்னேஷியஸிடம் அவள் பேசுவதை நிறுத்தினாள். அவன் தொழுவத்துப் பக்கம் குந்தி, தனியாகத் தின்று, பிறகு வெகுநேரம் அசை போட்டான்.

ஆவணியில் ஒரு நாள் அவள் துணி துவைக்கிற கல்லைத் தேய்த்துக் கழுவி முடித்த நேரம் பார்த்துக் கோவிந்தன் வந்தான். சட்டியை அந்தக் கல்லின் மேலேயே வைத்தான். அது சரிந்து, எருமை எச்சில் அவள் புடவையில் வழிந்தது. அவன் பாட்டுக்கு நடந்தான். போகிற ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். இருந்தும் புடவையை உதறிக்கொண்டே, “யோவ் கோவிந்தா, உன் அசிங்கத்த எடுத்துகினு போய்யா” என்றாள். கோவிந்தன் திரும்பிவிட்டான். திரும்பியதும் அவன் முகம் செத்துப்போயிற்று. கொல்லை மண் அங்கங்கே வெடித்தது. ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் புழுதியில் நொண்டி நொண்டிக் குளம்புத் தடங்கள் விழுந்தன, தடத்துக்குத் தடம் எச்சில் சொட்டியது. இத்தனை வருஷமாக அவன் இறக்கி வைத்த அத்தனையும் வரிசையாக அவன் பின்னால் மேலண்டை ஊருக்குப் போயின. கயிறு தொய்வதைப் பார்த்து அவள் நிமிர்ந்தாள். செவலை ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது.

அதற்கு மேல் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சட்டியோடு வந்தவர்களை வரவிட்டாள், போகும்போது கூப்பிட்டாள். விஷயம் பரவியதும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார்கள். அவள் ரேஷன் கடைக்காரரின் குரலில், கார்டில் இருக்கிற முழுப் பேரைச் சொல்லி, “மண்ணெண்ண வந்துகீது” என்றாள். பஞ்சு என்ன, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருந்தாலும் அந்த வார்த்தைக்குத் திரும்பாத மனிதன் அந்த வட்டாரத்தில் கிடையாது. தசரதன் திரும்பினான், பஞ்சவர்ணம் திரும்பினாள், அவளுடைய கோழிகளின் கழிச்சல் அவளுக்கு முன்னாலேயே ஓடிற்று. வேம்புலி அனுபவஸ்தர். திரும்பினால்தானே என்று, சட்டியை வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து போனார். ஆனால் போகிற வழியெல்லாம் கொல்லையைப் பார்த்துக்கொண்டே போனதால், எல்லாம் அவரோடு பேசிக்கொண்டு போவதுபோல் கூடவே போயிற்று. ஒவ்வொருவருக்கும் செவலை ஒரு சாணோ, நாலு விரலோ இறங்கியது.

ஊர்களில் மாடுகள் விழுந்தன. தொழுவங்களில் நாற்றம் தாங்கவில்லை. தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும். பெண்கள் சாணியை வாரினார்கள், ஆண்கள் பெர்மாங்கனேட் தண்ணீரில் குளம்பு கழுவினார்கள், மடியில் கட்டிய பாலைப் பீய்ச்சி எடுத்தார்கள். பூந்தமல்லி டாக்டர் முதல் தடவையாக ஐஸ் பெட்டியைக் காலியாக எடுத்துக்கொண்டு போனார். ஆனால் அதற்குள் செத்தது செத்ததுதான். ஏரிப்பக்கம் பருந்து வட்டமிடுவதைப் பார்க்கும்போது சகாயமேரிக்குத் தன் வாயே அருவருப்பாக இருந்தது. உப்பு வைத்துத் தேய்த்து வாயைக் கொப்பளித்தாள். கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி முக்காலியில் உட்கார்ந்தாள். இக்னேஷியஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல், யாரும் கேட்காமல், மரவள்ளியைத் தூர் தூராகப் பிடுங்கிக் கொளுத்தினான். சாம்பலில் தோல் கருகுகிற வாசனைதான் வந்தது. அவன் அசை போடுவது அன்றோடு நின்றது. அவள் அவன் தட்டைக் கையால் எடுத்து வைத்தாள்.

கார்த்திகை பிறந்தபோது செவலையின் குளம்புக்கும் தரைக்கும் இரண்டு விரல் இடைவெளிதான். இரண்டு விரலானாலும் அது பூமியில் நிற்கவில்லை. தட்டினால் நகர்ந்தது. பழவேற்காட்டுக்கு நேரே புயல் வருகிறது என்று ரேடியோ சொன்ன அன்று, மத்தியானமே வானம் இருண்டு, பனைமட்டைகள் பறக்க ஆரம்பித்தன. பசு கயிற்றை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் மிதந்தது. அந்த நேரத்தில்தான் நாகவல்லி சட்டியோடு வந்தாள்.

நாகவல்லி ஏரிக்கரைக் குடிசைக்காரி, ஒரு கம்பெனியில் பெருக்குகிற வேலை. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வெள்ளாடு. அதற்கு மழைக்கு மழை இருமல் வரும். இத்தனை வருஷத்தில் அவள் வந்தது போன மழைக்கு ஒரு தடவை, இப்போது ஒரு தடவை. மற்றவர்களுடையது எல்லாம் திரும்பிப் போய்விட்டது, மிச்சமிருந்த அந்த ஓர் இருமல்தான் அந்த இரண்டு விரல். சட்டியைச் சத்தமில்லாமல் வேலியோரம் வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் நடந்தாள். சகாயமேரி கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த முதுகைப் பார்த்தாள். கார்டுப் பேர் நாக்கு நுனியில் இருந்தது. கூப்பிட்டால் செவலை தரையில் நிற்கும், அந்த ஆடு இந்த மழையைத் தாங்காது. கூப்பிடாவிட்டால் காற்று செவலையைக் கொண்டுபோகும். உள்ளங்கை தோலுரிந்து கயிற்றில் ரத்தம் ஒட்டியது. அவளுக்கு அழுகை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கூப்பிடவில்லை.

நாகவல்லி பாதி வழியில் நின்றாள். யாரும் கூப்பிடாமல், தானாகத் திரும்பினாள்.

“யக்கா, இன்னாக்கா ஒண்டியா புடிச்சிகினு கீற?” என்றாள். “காத்து இஸ்துகினு பூடும். இரு, நானும் வரேன்.”

திரும்பினதும் இருமல் கொல்லையிலிருந்து கிளம்பிவிட்டது. ஆனால் கிளம்பிய இருமல் போய்ச் சேர வேண்டிய ஆள் இந்தப் பக்கமாக அல்லவா ஓடிவருகிறாள். முதுகைப் பின்தொடர்ந்துதான் நோய்க்குப் பழக்கம், எதிரே வருகிற முகத்தை அது கண்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், ஆட்டிடமும் போகாமல், பாதி வழியிலேயே நின்றுவிட்டது. புயல் ஓய்கிற வரைக்கும் இரண்டு பெண்களும், பிறகு வந்து சேர்ந்த இக்னேஷியஸும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தார்கள். சகாயமேரியின் மேல் எவ்வளவு சேறு இருந்தது என்பதை அவள் மறுநாள்தான் கவனித்தாள். செவலையின் முன்னங்கால்கள் தரையில் ஊன்றியிருந்தன. பின்னங்கால்கள் அதற்குப் பிறகும் ஊன்றவில்லை, அது கிழடாகிச் சாகும் வரைக்கும் ஒரு விரல் மேலேதான் இருந்தன. நடப்பதற்கு அது ஒன்றும் இடைஞ்சலாக இல்லை.

தொண்ணூற்றாறில் அந்தப் பக்கமெல்லாம் பிளாட் போட்டார்கள். சர்வேயர்கள் கல் நட்டபோது, கொல்லைக்கும் ஏரிக்கரைக்கும் நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஆடு இல்லாமல் ஆட்டின் இருமல் கேட்பதைக் கவனித்து, கல்லை இரண்டடி தள்ளி நட்டுவிட்டுப் போனார்கள். தார்ச் சாலையும் அந்த இடத்தில் லேசாக வளைகிறது. குமணன்சாவடியிலிருந்து வருகிற ஷேர் ஆட்டோக்காரர்கள் அங்கே ஒரு ஹாரன் அடிப்பார்கள், அது ஒதுங்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் இருமல் கொஞ்சம் கூடும். அந்த வழியாகப் போகிற பெண்கள் வேலியில் படர்ந்த தூதுவளையில் ஒரு கை கிள்ளி அங்கே போடுவார்கள். போட்டுவிட்டுப் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள்.